ஐந்து வாய் ஜீப்புக்கு நான் ஊற்றிய எண்ணெய்கள்

எண்ணெய் வியாபாரத்தில் ஒரு பெரிய சௌகரியம், ஊற்றிய சரக்கு உடனே உள்ளே போய் மறைந்துவிடும். ஊற்றியவன் விவரம் தெரிந்தவனா இல்லையா என்பது வெளியே வர மாதக்கணக்காகும். அந்த சௌகரியத்தில் நான் சில வருஷம் காலம் தள்ளினேன். பழைய வண்டியை வைத்துக்கொண்டு, இதற்கு எதைத்தான் ஊற்றுவது என்று கடை கடையாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு பேச்சைக் கேட்டு நொந்துபோயிருக்கும் வாசகர்களே, உங்களை அப்படி நோகடித்த கடைக்காரர்களில் ஒருவன்தான் இதை எழுதுகிறேன். நானும் நொந்தவன்தான். கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நொந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதுகளின் தொடக்கம். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் என் கடை. அதுவரை கடலை எண்ணெயும் மண்ணெண்ணெயும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ஆயில் கம்பெனிக்காரர் வந்து, கடை போர்டில் 'எண்ணெய்' என்று இருப்பதைப் பார்த்து, மோட்டார் எண்ணெய்க்கும் என்னையே ஏஜெண்டாகப் போட்டுவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே.

மேல்சித்தாமூர் தரணேந்திர நயினாரிடம் ஒரு ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். நயினாருக்கு அனந்தபுரம் தாண்டி, பனமலை ஏரியை ஒட்டி மணிலா, அதாவது வேர்க்கடலை, போடும் நிலம். மழை பெய்தால் அந்தச் சேற்றில் மாட்டு வண்டியே தடுமாறும், ஜீப் போய்விடும். அதை ஓட்டியவர் சவரிமுத்து. அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் கிணறு வெட்டியவர்கள். அவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவில், அதாவது கிறிஸ்தவர்கள் தெருவில், கையில் கடப்பாரை இல்லாமல் சாவி வைத்திருந்த முதல் ஆள் அவர்தான். தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு 'டிரைவரு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் எண்ணெய் என்ற பெயரில் விளையாடியதெல்லாம் அந்தச் சாவியோடுதான்.

ஐந்து வாய்

முதல்முதலில் சவரிமுத்து கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, "எண்ணெ மாத்தணும்ண்ணே" என்றபோது, நான் பெரிய மனுஷனாக எழுந்து போய் பானெட்டைத் தட்டிப் பார்த்தேன். ஏன் தட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பூசணிக்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்தப் பழக்கமாக இருக்கலாம். பிறகு ஒரு டின் இஞ்சின் ஆயிலை எடுத்துக் கொடுத்து, "இதையே ஊத்துப்பா, எல்லாத்துக்கும் ஆவும்" என்றேன். வண்டி ஒன்று, ஆகவே எண்ணெயும் ஒன்று என்பது என் கணக்கு.

சவரிமுத்து சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குனியவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். இஞ்சின் ஒன்று. கியர்பெட்டி ஒன்று. அதோடு ஒட்டினாற்போல், முன் சக்கரத்துக்கு இழுவை பிரித்துக் கொடுக்கும் சின்ன கியர்பெட்டி ஒன்று. முன் அச்சின் நடுவில் ஒரு உருண்டை, பின் அச்சின் நடுவில் ஒரு உருண்டை. ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் வேண்டியதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் நிமிர்ந்தபோது வேட்டியெல்லாம் கறை. அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இதுக்கு அஞ்சு வாயிண்ணே. நீங்க ஒரு வாய்க்குத்தான் சோறு போடறீங்க."

முப்பது, நாற்பது, தொண்ணூறு

டின்களின் மேல் எண் போட்டிருக்கும். முப்பது என்றால் மெலிந்த எண்ணெய், நாற்பது கொஞ்சம் கெட்டி, தொண்ணூறு தேன் மாதிரி இறங்கும், கியருக்கும் அச்சுக்கும் உள்ளது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கடைக்காரனுக்கு மரியாதை என்ன ஆவது? நானே யோசித்து, அது வண்டி ஓடும் வேகம் என்று கண்டுபிடித்தேன். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு முப்பது மைல் எண்ணெய், அவசரக்காரர்களுக்கு நாற்பது. இரண்டு மூன்று மாதம் வருகிறவர்களையெல்லாம், "எவ்ளோ ஸ்பீடு போவீங்க?" என்று கேட்டுக் கேட்டு விற்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த எண்ணெயில் அந்த வண்டிகளும் ஓடித் தொலைத்தன.

சவரிமுத்து கியருக்குத் தொண்ணூறு கேட்டு வந்தார். நான் ஜீப்பை ஏற இறங்கப் பார்த்து, உள்ளூரில் இந்த வேகம் ஆபத்து, நாற்பதே போதும் என்று புத்தி சொன்னேன். அவர் கோட்டை இருக்கும் ராஜகிரி மலைப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "இது தொண்ணூறு மைலா? அந்தக் கோட்ட மேலேர்ந்து தள்ளிவுட்டாகூட போவாதுண்ணே!"

நயினார் கேட்ட கேள்வி

தரணேந்திர நயினார் சமணர். உயிர்க்கொலை சம்பந்தப்பட்ட எதையும் வாங்க மாட்டார், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். ஒருநாள் கடைக்கு வந்து, கிரீஸ் டப்பாவைத் தொடாமலே காட்டி, "இதுல கொழுப்பு கலந்திருக்குதா தம்பி?" என்றார். எனக்குத் தெரியாது. ஆனால் என் வாயில் அந்த வார்த்தை வராது. "சுத்தமா மண்ணுக்குள்ளேர்ந்து வர்றதுங்க. ஒரு ஈ, எறும்புகூட சம்பந்தமில்ல" என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் கம்பெனிக்காரர் வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அந்தக் கிரீஸைக் கெட்டிப்படுத்த மாட்டுக் கொழுப்பில் செய்த சோப்பைக் கலக்கிறார்கள் என்றார். ஆமணக்கெண்ணெயில் செய்கிற வேறொரு கிரீஸ் இருக்கிறது என்று அவரே சொல்லி, அதை வரவழைத்தும் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மேல்சித்தாமூர் போய், தலையைச் சொறிந்தபடி விஷயத்தைச் சொன்னேன். நயினார் கோபப்படவில்லை. பழைய கிரீஸை ஒரு பொட்டுகூட விடாமல் துடைத்தெடுக்கச் சொல்லி சவரிமுத்துவை அனுப்பிவிட்டு, என்னிடம் திரும்பினார். "இத்தினி டின்னு அடுக்கி வச்சிருக்கிறியே தம்பி, 'தெரியாது'ன்னு ஒரு டின்னு உன் கடையில இல்லியா?"

கொசுறு

கடலை எண்ணெய் வியாபாரத்தில் படி அளந்து ஊற்றியபின் மேலே ஒரு கரண்டி கொசுறு ஊற்றுவது வழக்கம். ஊற்றாவிட்டால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கிரீஸ் விவகாரத்துக்குப் பிறகு நயினாரை எப்படியாவது குளிரவைக்க வேண்டும் என்று, அடுத்த முறை ஜீப்புக்குக் கியர் ஆயில் போடும்போது நானே பக்கத்தில் நின்று தாராளமாகக் கொசுறு ஊற்றவைத்தேன். மூடி வாய்வரை வந்தால் போதும் என்று சவரிமுத்து தடுத்தார். நான் ஜீப்பின் ஒரு பக்கத்தைக் கல் வைத்துத் தூக்கி, இன்னும் கொஞ்சம் இறங்க வழி செய்தேன். கஞ்சப்பயல் என்று பெயர் வாங்கக் கூடாது பாருங்கள்.

எண்ணெய் சும்மா இருக்குமா? பெரிய கியர்பெட்டியிலிருந்து சின்னதுக்கு வழிந்து, சின்னதிலிருந்து பின்பக்கமாகக் கசிந்து, அங்கே இருக்கும் கை பிரேக்கின் உருளையில் போய் இறங்கியிருக்கிறது. பனமலை ஏரிக்கரைமேல் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, நயினாரும் சவரிமுத்துவும் நிலத்தைப் பார்க்க இறங்கினார்கள். பத்தடி போயிருப்பார்கள். ஜீப் எந்த அவசரமும் இல்லாமல் தானே சரிவில் இறங்கி, ஏரிக்குள் போய், எருமை மாதிரி கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு ஜோடி மாடு கட்டி வெளியே இழுத்தார்கள். மறுநாள் சவரிமுத்து ஐந்து வாயிலிருந்தும் இறக்கிய எண்ணெயை ஒரு வாளியில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தண்ணீர் கலந்து, மோர் மாதிரி வெளுத்திருந்தது. "உங்க கொசுறுண்ணே. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்ன்னு வந்தேன்."

கழுவும் எண்ணெய்

ஐந்து வாய்க்கும் புது எண்ணெய் வேண்டும். பட்ட அவமானத்தையெல்லாம் ஒரே அடியில் துடைத்துவிட இதுதான் சமயம் என்று பட்டது. அப்போதுதான் கம்பெனி ஒரு புது இஞ்சின் ஆயில் அனுப்பியிருந்தது. உள்ளே ஏறிய அழுக்கையெல்லாம் தானே கழுவிவிடுமாம். அதோடு ஒரு இங்கிலீஷ் நோட்டீஸ். முன்பக்கம் பளபளவென்று ஒரு இஞ்சின் படம். படம் அழகாக இருந்ததால், சோற்றுப் பசை தடவிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பின்பக்கமும் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

"கழுவும் எண்ணெய்" என்றதும் நயினாருக்குப் பிடித்துவிட்டது. சுத்தம் என்றால் அவருக்கு உயிர். ஊற்றினோம். மூன்றாம் நாளே எண்ணெய் கன்னங்கரேல் என்று ஆனது. அளவுக்கம்பியை எடுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, "பாருங்க, எப்படி அலசுது" என்று பெருமையடித்தேன். பக்கத்தில் பட்டறை வைத்திருந்த கோவிந்தசாமி மேஸ்திரி, செஞ்சியில் ஓடுகிற எல்லா இஞ்சினையும் ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தவர், அந்தக் கம்பியை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. படிக்காத ஆள், புதுசைக் கண்டால் பயம் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னது: "இருவது வருசத்து அழுக்கு மொதலாளி. ஒரே நாள்ல பேத்து உட்டா, அது எங்க போயி அடையும்?"

வல்லத்துக்கு முன்னால்

அது எங்கே போய் அடையும் என்பது இரண்டே வாரத்தில் தெரிந்தது. திண்டிவனத்தில் மணிலா மூட்டைகளைப் போட்டுவிட்டுப் பிற்பகலில் திரும்பும்போது, வல்லத்துக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சின் உள்ளே சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம். பிறகு சத்தமும் இல்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அந்த ஜீப்பில் எந்தக் காலத்திலோ செத்துப்போனது, ஆகவே முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லை. நயினார் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். போவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

மறுநாள் காலை மாடு கட்டி ஜீப்பை மேஸ்திரி பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. நயினார் பட்டினி முகத்தோடு சவரிமுத்துவைப் பார்த்து, எண்ணெய் பார்க்காமல் ஓட்டினாயா என்றார். தினம் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது என்றார் சவரிமுத்து. நயினார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. எண்ணெய்ல கோளாறா, ஓட்டனதுல கோளாறா?"

வாசகர்களே, அந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் மேஸ்திரி சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்து, "எண்ணெய் முதல் தரங்க. ஓட்டற விதம்னு ஒண்ணு இருக்குது, இல்லீங்களா?" என்றேன். நயினார் கையை நீட்டினார். சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அதில் தொங்கிய மாதா சுரூபத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, சாவியைக் கொடுத்தார். என்னை முறைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கூட்டத்தில் யாரோ அவருக்காகப் பரிந்து பேச வந்தபோது, அவரே தடுத்துச் சொன்னார்: "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். எண்ணெ தெரிஞ்சவரு."

நோட்டீஸின் பின்பக்கம்

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பாதி சாத்திவிட்டு, ஈரத்துணியால் சுவரில் இருந்த நோட்டீஸை நனைத்து நனைத்து உரித்தேன். பின்பக்கத்தில் பாதி எழுத்து சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. மிச்சத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பழைய இஞ்சினாக இருந்தால் இந்த எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது. முதலில் எண்ணெய் தேங்கும் அடித்தட்டைக் கழற்றி அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊற்றியபின்னும் சீக்கிரமே இறக்கி மாற்ற வேண்டும். பாதி எழுத்திலேயே இவ்வளவு. மீதிப் பாதியில் என் பெயரைப் போட்டுத் திட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி அடித்தட்டைக் கழற்றி வைத்திருந்தார். எண்ணெய் குறையவே இல்லை. அதை உறிஞ்சும் வலையில்தான், மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் மை மாதிரி, கறுப்புக் களி அப்பி அடைத்திருந்தது. எண்ணெய் நிறைய இருந்தும் இஞ்சின் தாகத்தில் செத்திருக்கிறது. மேஸ்திரி வலையை ஒரு பழைய சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார். "யாருகிட்டயும் இன்னும் காட்டல மொதலாளி. நீங்களே சொல்லுவீங்கன்னு வச்சிருக்கேன்."

கிணற்று மேட்டில்

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூர் கிளம்பினேன். வழியில் ஒரு புதுக் கிணறு. மேட்டில் நாலைந்து பேர் கல் கூடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சவரிமுத்து. தலைமுண்டாசு, உடம்பெல்லாம் கல் தூசு. பார்க்காத மாதிரி மிதித்துப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவரே கூப்பிட்டார். கயிற்றைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்தார். அன்றைக்கு நான் சொன்னதைச் சொல்லிக்காட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது வேறு. "வண்டி எப்படிண்ணே இருக்குது? இஞ்சின எறக்கிப் பாத்தாங்களா?"

'தெரியாது'

மிச்சத் தூரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்தேன். நயினார் வீட்டு வாசலில் நின்று, வலை, நோட்டீஸ், சோற்றுப் பசை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இஞ்சினைச் சரிசெய்யும் செலவு என்னுடையது என்றேன். அதற்கு அவர் மறுப்பு சொல்லவில்லை. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும், சாவியை வாங்கியது அவர் கைதானே. கடைசியில், "எங்கிட்ட ஏன் சொல்ற? அன்னிக்கு அவன எங்க வச்சு சொன்னியோ, அங்கயே வந்து சொல்லு. நானும் வரேன்" என்றார்.

சந்தை நாளாகப் பார்த்து வந்தார். மேஸ்திரி பட்டறை முன்னால் அன்று கூடியதைவிட இரண்டு பங்கு கூட்டம். சவரிமுத்துவை ஆள் விட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், கல் தூசோடு. நான் சாக்கைப் பிரித்து வலையைத் தூக்கிக் காட்டி, "கோளாறு ஓட்டனதுல இல்ல. எண்ணெய்லயும் இல்ல. வித்தவன்கிட்ட. நான்தான் படிக்காம ஊத்தச் சொன்னேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நயினார் சாவியை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை; கூட்டத்துக்கு நடுவே நடந்து போய், சவரிமுத்துவின் சட்டைப் பையில் அவரே போட்டார். "நானும் அவசரப்பட்டுட்டேன் சவரி" என்றார். சவரிமுத்து பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடியில் முடிந்திருந்த மாதா சுரூபத்தை எடுத்து மறுபடி சாவியில் மாட்டினார்.

புது பேரிங் போட்டு, உள்ளே எல்லாம் சுரண்டிக் கழுவி இஞ்சினை மூடியதும், சவரிமுத்து கடை வாசலில் வந்து நின்றார். நயினாரும் மேஸ்திரியும் பின்னால். "சரிண்ணே, இப்ப இன்னா எண்ணெ ஊத்தறது?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்குப் பழக்கதோஷம். கை தானாக ஒரு டின்னுக்குப் போனது, வாயும் திறந்துவிட்டது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுப்பா. மேஸ்திரியக் கேளு. அவர் சொல்றத எழுதி வச்சிக்கறேன்" என்றேன். அதைச் சொல்லி முடித்தபோது, சில வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. நயினார் அலமாரியில் அடுக்கியிருந்த டின்களை ஒரு பார்வை பார்த்து, மேஸ்திரியிடம் சொன்னார்: "வந்துட்சுப்பா, நான் கேட்ட டின்னு."

அதற்குப் பிறகு எத்தனையோ தினுசு எண்ணெய் விற்றேன், வாசகர்களே. அந்த ஒரு டின்தான் எந்த வண்டியையும் கெடுத்ததில்லை, ஆனால் அதை ஒருத்தர்கூட விரும்பி வாங்கிக்கொண்டு போனதில்லை.